முள்

ஐஸ்பெட்டியில் பதினேழாம் எண்.
பெயர் எழுதக் கூடாது என்பது விதி.
ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து
எத்திராஜ் சைக்கிளில் கட்டி எடுத்து வந்தது.
"காசிமேட்டு ஐஸும்மா, நாளிக்கி வரிக்கும் கரையாது"
என்று இறக்கி வைத்தார்,
கை கழுவாமல் டீ குடிக்கப் போனார்.

நஞ்சுக்கொடி.
யார் வைத்த பெயரோ.
பத்து மாதம் சோறு ஊட்டியதற்கு
நஞ்சு என்று பட்டம்.

அரைத்தேன். பியூட்டனால் ஊற்றினேன்.
கனிந்து கெட்ட வாழைப்பழ வாடை
ஜன்னல் வழியே வந்த கருவாட்டு வாடையோடு
மல்லுக்கு நின்று தோற்றது.
பிறகு சுடுநீர்த் தொட்டி:
அறுபத்தைந்து டிகிரி, அரைமணி நேரம்.
ஈரலின் நொதி அந்தச் சூட்டில் செத்துப்போகும்,
எலும்பின் நொதி அதற்கும் முன்னால்.
இது சாகாது.
மற்றப் புரதமெல்லாம் திரிந்து
வெள்ளையாய் அடியில் உட்கார
தெளிந்த நீரில் இது மட்டும்
அடுத்த வேலை என்ன என்று நிற்கும்.

நான்கு மாதமாக ஒரு முயல்
இந்த நொதியை மனப்பாடம் செய்கிறது.
எத்திராஜ் வைத்த பெயர் மேஸ்திரி.
ஊசி போடும் நாளில்
முள்ளங்கி இலை ஒரு கட்டு கூடுதல்.
அதன் காது நரம்பில் எடுத்த சீரத்தை
அகார் தட்டின் நடுக்குழியில் விட்டேன்.
சுற்றிலும் மூன்று குழி:
கொடி, குடல், ஈரல்.
மூன்று நொதியும் பாஸ்பேட்டைக் கடித்துத் துப்புபவை.
வேலையை மட்டும் பார்த்தால்
மூன்றும் ஒன்று என்பார்கள்.
முயலைத்தான் கேட்க வேண்டும்.

டிபன் டப்பாவில் ஈரப் பஞ்சு, அதன்மேல் தட்டு.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி போனால்
மேசை நடுங்கும்.
அடியில் பழைய சைக்கிள் டியூபை மடித்து வைத்திருக்கிறேன்.
இரண்டு இரவு தொடக் கூடாது.

வியாழக்கிழமை
மெழுகுவத்தி விற்கும் சலேத்தம்மா சொன்னாள்,
டெல்பினாவுக்குப் பெண் குழந்தையாம், செவ்வாய் ராத்திரி.

டெல்பினா என் அப்பாவின் மகள்.
நானும் என் அப்பாவின் மகள்.
அவள் வீடு கல்மண்டபம்,
எங்கள் வீடு தண்டையார்பேட்டை.
லாஞ்ச் ஓடியவரை
வஞ்சிரத்தின் தலை அங்கே போனது,
வால் இங்கே வந்தது.
அடக்கத்தன்று காசிமேட்டுக் கல்லறையில்
அவளும் நானும்
ஒரே மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றோம்.
பேசவில்லை.

செவ்வாய் இரவு பெற்றிருக்கிறாள்.
புதன் காலை பெட்டி வந்தது.
அந்த இரவில் முப்பது பேராவது பெற்றிருப்பார்கள்.
பதினேழு யாரென்று கேட்க வழியில்லை.
இருந்தாலும் கேட்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயம் ஊற்றினேன்.
கோடுகள் ஊதாவாக எழுந்தன.
ஈரல் பக்கம் ஒன்றுமில்லை,
முயலுக்கு அது யாரோ.
கொடியிலிருந்து ஒரு கோடு,
குடலிலிருந்து ஒரு கோடு,
வளைந்து வந்து தொட்டு
ஒன்றாகிவிட்டன.
ஆனால் அங்கே முடியவில்லை.
கொடியின் கோட்டிலிருந்து
மெல்லிய முள் ஒன்று
குடலின் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.
இவ்வளவும் பொது என்றது வளைவு.
இது எனக்கு மட்டும் என்றது முள்.

எத்திராஜ் குனிந்து பார்த்தார்.
"இன்னாம்மா இது, மீன் முள்ளு கணக்கா?"
"ஆமா."
"தப்பா பூட்ச்சா?"
"இல்ல. இப்டித்தான் வரணும்."

ஏட்டில் எழுதினேன்: பகுதி ஒற்றுமை.
தேதி போட்டேன்.
அம்மா சேர்க்கச் சொன்ன,
அந்த வீட்டார் கூடாதென்ற
முதலெழுத்தோடு கையெழுத்து.

பிறகு மேஸ்திரிக்கு இலை வாங்க
கல்மண்டபம் மார்க்கெட்டுக்கு நடந்தேன்.
தண்டையார்பேட்டையிலும் மார்க்கெட் இருக்கிறது.
முள்ளங்கி இலை அங்கேயும் கிடைக்கும்.